வாடைப் பக்கம்

ரூர்கேலா
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எப்சிபா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் இங்கே சுகம். நீ, மாலா அண்ணி, அம்மா, நைனா எல்லோரும் சுகமா? நைனாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகும்போது ஏரித் தண்ணீரில் ரொம்ப நேரம் முட்டி போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் பேசினால் பாதி நேரம் சிக்னல் போகிறது, மீதி நேரம் சண்டை வருகிறது. அதோடு இது படம் போட்டு விளக்க வேண்டிய விஷயம். படம் பின்பக்கம் இருக்கிறது.

என் ஆராய்ச்சி என்ன என்று கேட்டுக் கேட்டு நீ சலித்துவிட்டாய். இப்போது கேள். இரண்டு அலுமினியத் தட்டுகளை ஒட்டி வைத்து, சுழலும் ஒரு தடித்த ஊசியை நடுவில் இறக்கி, மெல்ல நகர்த்த வேண்டும். அலுமினியம் உருகாது. உரசலில் சூடேறிக் களி மாதிரி இளகும். ஊசி அதைக் கிண்டிக்கொண்டே போகும், பின்னால் இரண்டும் ஒரே தட்டாகிவிடும். எவ்வளவு சூடு வரும், இளகிய உலோகம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடும் என்று தட்டைத் தொடாமலே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்குக்கு மாடல் என்று பெயர். அதுதான் என் வேலை.

மாடல் சொல்வது சரியா என்று பார்க்க நிஜத் தட்டுகள் வேண்டும். எங்கள் லேப் மெஷினின் மோட்டார் எரிந்து மூன்று மாதமாகிறது, ஸ்பேர் வரவில்லை. ஏப்ரல் முப்பதோடு என் ஆறு வருஷம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் போச்சு.

உன் கம்பெனியில் நீ ஓட்டும் மில்லிங் மெஷினிலேயே இதைச் செய்யலாம். ஊசி, தட்டுகள், சூட்டை அளக்கும் கம்பிகள், மீட்டர் எல்லாம் பார்சலில் வருகின்றன. உன் முதலாளி சம்மதித்தால் மட்டும் செய். எனக்குத் தெரிந்த மெஷின்காரர்களில் கை நடுங்காத ஒரே ஆள் நீதான். இதை அண்ணியிடம் காட்டாதே, உனக்குத் தலைக்கனம் ஏறும் என்பாள்.

பாசமுள்ள தங்கை,
எப்சிபா


ஆரம்பாக்கம்
21.10.2024

அன்புத் தங்கை எப்சிக்கு,

அண்ணன் வின்சென்ட் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா நீ கோதுமை தின்றே தேய்ந்து போய்விட்டாய் என்கிறாள். நைனாவிடம் சொன்னேன். "தண்ணில எறங்காம இறாலு இன்னா பஸ் ஏறி வருமா"னு கேட்டார். இதற்கு உன் மாடலில் பதில் இருந்தால் எழுது.

நாலு தட்டு அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, எளாவூர் கம்பெனிக்குப் போய், மெஷின் சும்மா இருக்கும்போது ஓட்டினேன். முதலாளி ஆதிகேசவனுக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. முதல் தட்டில் ஊசியை வேகமாக இறக்கிவிட்டேன், தட்டு துள்ளியது. இரண்டாவதிலிருந்து பழகிவிட்டது. ஊசி போன பாதை அழகாக, அடுக்கடுக்காகக் கோடு விழுந்திருக்கிறது, பார்.

எந்தத் தட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று குறிக்கச் சொல்லியிருந்தாய். வலது, இடது என்று எழுதினால் தட்டைத் திருப்பிப் பிடித்தால் மாறிவிடும். படகில் நாம் எப்படிச் சொல்வோம்? வாடைக்காற்று வரும் பக்கம் வாடை, அவ்வளவுதான். அதனால் வடக்கே இருந்த ஓரத்தில் 'வா' என்று உளியால் கொத்திவிட்டேன். ஆள் மாறினாலும் வாடை மாறாது. உன் காலேஜில் இதைச் சொல்லிக் கொடுத்தார்களா?

ஒன்று கேட்கிறேன். பின்பக்கப் படத்தில் ஒரு ஓரத்தை 'முன்னேறும் பக்கம்', இன்னொன்றைப் 'பின்வாங்கும் பக்கம்' என்று போட்டிருக்கிறாயே, அது என்ன?

அன்புடன்,
வின்சென்ட்


ரூர்கேலா
10.11.2024

அன்பு அண்ணா,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது, சளியைத் தவிர எனக்குக் குறை இல்லை. அம்மாவின் சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட் என்ன? நீ எழுதாமல் விட்டுவிட்டாய்.

தட்டுகளை அறுத்து, பாலிஷ் போட்டு, அமிலம் தடவிப் பார்த்தேன். உள்ளே வெங்காயத்தை வெட்டினால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாக இருக்கிறது. எங்கள் கைடு மோகனப்பிரியா மேடம் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவே இல்லை. "யார் செஞ்சது?" என்று கேட்டார். அண்ணன் என்றேன். உன் முதல் தட்டில் மட்டும் உள்ளே ஒரு துளை குகை மாதிரி ஓடுகிறது. சூடு போதாமல் உலோகம் போய் நிரம்பாத இடம் அது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

நீ கேட்டதற்குப் பதில். ஊசி சுழலும் திசையும் அது நகரும் திசையும் ஒன்றாக இருக்கிற பக்கம் முன்னேறும் பக்கம். எதிரும் புதிருமாக இருக்கிற பக்கம் பின்வாங்கும் பக்கம். ஒரே ஊசிதான், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. முன்னேறும் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். உன் மெஷினில் வாடைப் பக்கம்தான் முன்னேறும் பக்கம். நீ மீட்டர் பார்த்துக் குறித்து அனுப்பியதில் நாலு தட்டிலும் 'வா' ஓரத்தில் பதினைந்து டிகிரி அதிகம். மாடலும் அதையேதான் சொல்கிறது.

இன்னும் எட்டு வேண்டும். வேகங்கள் தனித் தாளில்.

தங்கை எப்சி


ஆரம்பாக்கம்
8.12.2024

எப்சிக்கு,

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. புயல் மழையில் ஏரி தெரு வரை வந்துவிட்டுப் போனது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கரண்ட் இல்லை, அதுதான் தட்டுத் தாமதம்.

எட்டும் அனுப்பியிருக்கிறேன். பத்தாவது தட்டில் சூடு ஏறிக்கொண்டே போய், நீ கொடுத்த கணக்கைத் தாண்டியது. நிறுத்தலாமா என்று யோசித்தேன். பிறகு, தாண்டட்டும், ஏன் தாண்டுகிறது என்று எப்சி சொல்லட்டும் என்று ஓட்டினேன். நீ சொல்லும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

மாலா கேட்கிறாள், வெல்டிங் பற்றவைக்காமல் ஒட்டுகிறதாமே, உன் தங்கச்சி படிப்பே கிண்டலா என்று. கிண்டுவதுதான் படிப்பு என்றேன். வீடு முழுக்கச் சிரிப்பு. நைனா மட்டும் சிரிக்கவில்லை, காது கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா?

வின்சென்ட்


ரூர்கேலா
5.1.2025

அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

நான் நலம். வர முடியாததற்கு அம்மா இன்னும் கோபமாக இருக்கிறாளா? கேக் கிடைத்தது. உடைந்துதான் வந்தது, தூளைக்கூட விடவில்லை.

உன் பத்தாவது தட்டு சரிதான், என் மாடல்தான் தப்பு. ஊசிக்கு மேலே தட்டை உரசும் அகலமான தோளால் வரும் சூட்டை நான் குறைவாகப் போட்டிருந்தேன். திருத்திவிட்டேன். இப்போது பன்னிரண்டு தட்டும் மாடலோடு ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போகின்றன. அன்றைக்கு நீ நிறுத்தியிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. சாப்பிடு.

கடைசியாகப் பன்னிரண்டு வேண்டும். அவற்றிலும் ஒத்துப்போனால் ஆய்வேடு முடிந்த மாதிரி. பார்சல் அனுப்பிவிட்டேன், உபரியாக ஒரு ஜோடியும் வைத்திருக்கிறேன். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் முடியுமா? முதலாளிக்கு என் நன்றியைச் சொல்.

எப்சிபா


ரூர்கேலா
27.1.2025

அண்ணா,

எல்லோரும் சுகம்தானே? பார்சல் போய்ச் சேர்ந்ததாகக் காட்டுகிறது, உன்னிடமிருந்துதான் ஒரு வரியும் இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொல்கிறாள். மூன்று தடவையும் வெளியேவா?

உன் கை கால் நன்றாக இருக்கிறதா, அதை மட்டும் எழுது. தட்டு பிறகு.

எப்சி


ஆரம்பாக்கம்
16.2.2025

எப்சிக்கு,

கை கால் எல்லாம் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன். கொஞ்சம் வேலை, அதுதான் எழுதவில்லை.

பன்னிரண்டு தட்டும் இதோடு வருகின்றன. 'வா' எல்லாவற்றிலும் கொத்தியிருக்கிறேன். இந்தத் தடவை ஞாயிறுக்குக் காத்திருக்கவில்லை, வார நாளிலேயே ஓட்டினேன்.

காலையில் நைனாவோடு ஏரிக்குப் போகிறேன். நண்டு நன்றாகக் கிடைக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கேட்டுப் பார்க்கச் சொல்கிறாள் மாலா. துறைமுகம் வேண்டாம் என்று ஊரோடு போய்க் கொடி பிடித்துவிட்டு, அங்கேயே போய் நிற்கவா என்றேன். சும்மா பேச்சுக்குத்தான்.

நீ படிப்பை மட்டும் பார்.

வின்சென்ட்

அண்ணி எழுதுவது: எப்சி, நல்லா சாப்பிடு. மற்றதை உன் அண்ணன் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். மாலா.


ரூர்கேலா
9.3.2025

அன்பு அண்ணா,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

புதிய பன்னிரண்டு தட்டுகளும் மாடலோடு ஒத்துப்போகவில்லை. கொஞ்சம் அல்ல, தலைகீழ். 'வா' ஓரம் சூடாக இருக்க வேண்டும், எதிர் ஓரம்தான் சூடு. உலோகம் ஓடிய தடமும் அப்படியே திரும்பியிருக்கிறது. மேடம் பார்த்துவிட்டு, "உன் மாடல் பாதித் தட்டுக்குத்தான் சரின்னா அது மாடலே இல்ல எப்சிபா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பத்து நாளாக ஒவ்வொரு வரியாகத் தேடுகிறேன், பிழை கிடைக்கவில்லை. இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிறது.

நீ ஓட்டும்போது ஏதாவது மாறியதா? சுழலும் திசை மாறியதா? நன்றாக யோசித்து எழுது. உன்னைக் குறை சொல்லவில்லை.

எப்சி


ஆரம்பாக்கம்
17.3.2025

எப்சிக்கு,

எல்லோரும் நலம். நீ குறை சொல்லவில்லை என்று எழுதினாலே குறை சொல்கிறாய் என்றுதான் அர்த்தம்.

சுழலும் திசை மாறவில்லை. வேகம் நீ கொடுத்தது. ஊசி அதே ஊசி. வாடை அதே வாடை, நான் வெளியே போய்க் காற்று பார்த்துவிட்டு வந்து கொத்தினேன். பதினோரு வருஷம் மெஷின் ஓட்டியவனுக்கு இது தெரியாதா? உன் கம்ப்யூட்டரைப் போய்க் கேள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் மாலா அப்படியே போடச் சொல்கிறாள். ராத்திரி தூங்குகிறாயா இல்லையா? தூங்கு.

வின்சென்ட்


ரூர்கேலா
28.3.2025

என் அன்பு அண்ணனுக்கு,

நான் நலம். நிஜமாகவே நலம். நேற்று பத்து மணி நேரம் தூங்கினேன்.

வெளியே போய்க் காற்று பார்த்துவிட்டு வந்தேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது பொறி தட்டியது. எளாவூரில் நீ பதினோரு வருஷமாக நிற்கிற இடம். அங்கே வடக்கு எது என்று பார்க்க நீ எதற்கு வெளியே போக வேண்டும்?

மாடலில் ஒன்றே ஒன்றை மாற்றினேன். 'வா' ஓரத்தைப் பின்வாங்கும் பக்கம் என்று போட்டேன். பன்னிரண்டு தட்டும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆனால் எல்லாமே எட்டு டிகிரி குறைவு. தட்டுக்கு அடியில் இருக்கிற பலகை வேறாக இருந்தால்தான் அப்படி வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே பதில்தான். இது வேறு மெஷின். முன்னது வடக்குச் சுவரை ஒட்டி நின்றது. இது தெற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது. நீ எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறாய், அண்ணா. வாடை மாறவில்லை, நீதான் மாறியிருக்கிறாய்.

நீ எனக்கு எழுதாததைத் தட்டு எழுதிவிட்டது. வேலை போய்விட்டதா? என் தட்டுகளால் போனதா? ஜனவரியில் கடிதம் வராதது, வார நாளில் ஓட்டியது, நண்டு, காட்டுப்பள்ளி, எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். இவ்வளவு மக்காக இருந்திருக்கிறேன். அறையில் உட்கார்ந்து அழுதேன். உன்மேல் கோபமும் வந்தது.

இப்போது விஷயத்தைச் சொல்கிறேன். இரண்டு மெஷின் என்று ஆய்வேட்டில் உண்மையை எழுதினால்தான் அது நிற்கும். மேடத்துக்கு இதில் சந்தோஷம்தான், சொல்லாமலே மாடல் கண்டுபிடித்துவிட்டதே என்கிறார். ஆனால் தட்டுகள் தங்கள் இடத்தில்தான் செய்யப்பட்டன என்று இரண்டு இடத்தாரும் கையெழுத்துப் போட்ட கடிதம் ஏப்ரல் இருபதுக்குள் வேண்டும். இல்லாவிட்டால் தட்டுகளைச் சேர்க்க முடியாது, தட்டுகள் இல்லாமல் ஆய்வேடு இல்லை.

உன்னை வெளியே அனுப்பிய இடத்தில் போய்க் கேள் என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம். ஆறு வருஷம் போனால் போகட்டும், நீ யாரிடமும் தலை குனிய வேண்டாம். உன் ஆறாவது தட்டில் பாலிஷ் போட்ட ஒரு துண்டை இதோடு வைத்திருக்கிறேன். உன் கைவேலையை நீயே பார்த்ததில்லையே, அதற்காக.

உன் தங்கை,
எப்சி


ஆரம்பாக்கம்
6.4.2025

அன்புள்ள எப்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், இந்தத் தடவை பொய் இல்லை.

முதலாளிக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதினேனே, நான் அவரைக் கேட்கவே இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று பயம். பொங்கல் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வந்து நின்றார். உன் தட்டைப் பூட்டும் முன் மெஷினைச் சும்மா ஓடவிட்டிருந்தேன். யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு வெளி ஜாப் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் தங்கச்சிக்கு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நாளைலேர்ந்து வராதே என்றார், போகவில்லை. இங்கே ஆரம்பாக்கத்தில் செங்கல்வராயனின் லேத் ஷெட்டில் ஒரு பழைய மில்லிங் மெஷின் தூசி பிடித்துக் கிடந்தது. படகு இன்ஜின் வேலைகளில் அவனுக்குக் கை கொடுக்கிறேன், அவன் மெஷினை எனக்கு விட்டுவிட்டான். நீ சொன்ன மாதிரியேதான், தெற்குச் சுவர். உனக்கு எழுதினால் நிறுத்து என்பாய். அதனால் எழுதவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் எளாவூர் போனேன். மாலாவும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். கேட்டிலேயே உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவரே வந்தார்.

"இன்னாடா" என்றார்.

உன் கடிதத்தையும் அந்தத் துண்டையும் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம மெஷின்ல வந்ததா?"

"நம்ம மெஷின்லதான் முதலாளி. ஆறாவது தட்டு."

"உருகவே இல்லயா?"

"உருகல. களி மாதிரி எளகுது, ஊசி கிண்டிக்கினே போவுது. இந்தப் பக்கத்து உலோகம் பின்னால சுத்திக்கினு அந்தப் பக்கம் போய் படியுது. அதான் இந்த வளையம்."

அரை மணி நேரம் சொன்னேன், எப்சி. எவ்வளவு சூடு, ஏன் ஒரு பக்கம் அதிகம், குகை ஏன் விழுகிறது, எல்லாம். நானா பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியம். அவர் துண்டைக் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில், "இத்த என்னாண்ட ஒருநாளாவது சொன்னியாடா? நான் உன்ன திருடன்னு நெனச்சிக்கினு ரெண்டு மாசமா தூங்கல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் வேறு பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனித் தாளில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மெஷினைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "வேலைக்கி வாடான்னா மெஷினக் கேக்குறான் பாரு" என்று உள்ளே போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று மாலாவும் நானும் மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு கடிதமும் இதோடு வருகின்றன. செங்கல்வராயன் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உனக்காக வேலையை இழந்தேன் என்று நினைத்து நீ அழுததாக எழுதியிருக்கிறாய். முதல் நாலு தட்டு உனக்காகத்தான். அதற்கப்புறம் உனக்காக இல்லை. பதினோரு வருஷம் உலோகத்தை வெட்டியிருக்கிறேன். அளவு சரியா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டது நீ ஒருத்திதான். கேட்டுவிட்டுப் போய்விட்டாய், எனக்கு அதே நினைப்பு. ஏரியில் நிற்கும்போதும் அதுதான். அன்றைக்கு முதலாளி முன்னால் நான் வாய் திறக்காததும் அதனால்தான். தங்கச்சிக்கு என்று சொன்னால் அது பாதி பொய்.

நீ உபரியாக அனுப்பிய ஒரு ஜோடித் தட்டு இருந்தது. நேற்று அதைச் செங்கல்வராயன் மெஷினில் ஓட்டினேன். நீ சொல்லாத ஒன்றைச் செய்தேன். ஊசியை நடுவில் இறக்காமல், முன்னேறும் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளி இறக்கினேன். ஏழாவது தட்டின் வேகம்தான், மற்றது எதுவும் மாற்றவில்லை. எந்தப் பக்கம் எத்தனை டிகிரி வந்தது என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். எனக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது, அதையும் உள்ளே எழுதியிருக்கிறேன்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு நிதானமாக உன் மாடலைக் கேட்டு, பதிலை எழுதி எனக்குத் தபாலில் போடு. அது என் கைக்கு வந்து சேரும்வரை கவரைப் பிரிக்காதே.

அன்புடன்,
வின்சென்ட்